தேர்தல் ஆண்டில் பட்ஜெட் போடுவது எப்படி?

நீங்கள் ஒரு மாநிலத்தின் நிதியமைச்சர் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி பிறந்துவிட்டது. ஏப்ரலில் தேர்தல். உங்கள் கட்சி திரும்பி வருமா என்று உங்களுக்கும் தெரியாது, உளவுத்துறைக்கும் தெரியாது. அறை வாசலில் நிற்கும் டவாலிக்குத் தெரியும். ஆனால் அவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது அமைச்சருக்குக் கதவு திறந்துவிடுகிறவர், வாய் திறக்க மாட்டார். இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தலையில் ஒரு வேலை விழுகிறது. ஏப்ரல் 1-க்குப் பிறகும் அரசாங்கம் ஓட வேண்டும். ஓட்டப்போவது நீங்களா என்பது மட்டும் நிச்சயமில்லை. பயப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிடுங்கள், பிறகு தேவைப்படாது. சட்டமன்றம் சட்டம் இயற்றி அனுமதிக்காமல் தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்கிறது 266-வது பிரிவு. இந்த ஆண்டுக்கான அனுமதி மார்ச் 31 இரவோடு காலாவதி. சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி மருந்து, சத்துணவு முட்டை எல்லாவற்றுக்கும் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். முறைப்படி வாங்குவதென்றால் துறைவாரியாக மானியக் கோரிக்கை, விவாதம், வெட்டுத் தீர்மானம், கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு என்று வாரக்கணக்கில் போகும். தேர்தல் ஆண்டில் அதற்கு நேரமில்லை. நேரம் இருந்தாலும் உறுப்பினர்கள் சபையில் இருக்க மாட்டார்கள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகத் தொகுதியில் இருப்பார்கள். இதற்காகத்தான் 206-வது பிரிவு. முழு ஒப்புதல் கிடைக்கும் வரை, ஆண்டின் ஒரு பகுதிச் செலவுக்கு மட்டும் முன்பண மானியம் வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசு சாதாரண ஆண்டுகளில் 2016 வரை இரண்டு மாதத்துக்குக் கேட்டது. மாநிலங்கள் நாலு மாதம், ஆறு மாதம் என்று மனசுபோல் கேட்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பணம் சில மாதத்துக்குத்தான் என்றாலும், 202-வது பிரிவின்படி நீங்கள் சபையில் வைக்கும் நிதிநிலை அறிக்கை பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து. அதாவது கையில் வாங்குவது அரை வருடப் பணம், வாயில் பேசுவது முழு வருடக் கணக்கு. இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்வதைத்தான் இடைக்கால பட்ஜெட் என்கிறோம். சாசனத்தில் தேடினால் அப்படித் தனியாக ஒன்று கிடைக்காது. முன்பணத்தை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பத்து நிமிடத்தை எந்தத் தொலைக்காட்சி நேரலை செய்யும்?

யாராவது முன்மாதிரி கேட்டால் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரைச் சொல்லுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வைத்தவர் அவர். 1947 ஆகஸ்ட் 15-லிருந்து 1948 மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. அவருக்கு நாட்டுப் பிரிவினை நடந்துகொண்டிருந்தது, உங்களுக்குத் தொகுதிப் பங்கீடு நடந்துகொண்டிருக்கிறது. நெருக்கடி யாருக்கு அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

உரையைக் குறளோடு தொடங்குங்கள். இறைமாட்சி எப்போதும் கைகொடுக்கும். தெரிந்துசெயல்வகை பக்கம் மட்டும் போக வேண்டாம். போவதையும் வருவதையும் எண்ணிப் பார்த்த பிறகு இறங்கச் சொல்லிவிடுவார் வள்ளுவர். அடுத்து ஐந்தாண்டு சாதனை. இதற்கு நேரம் போதாமல் போவதுதான் மரபு. அதற்குப் பிறகு வருவது கொஞ்சம் வழுக்கலான இடம். முன்பணத்தில் ஏற்கெனவே நடக்கும் வேலைகளை நடத்தலாம், புதுச் செலவு எதையும் தொடங்கக் கூடாது என்பது நெறி. நல்ல அதிகாரி வாய்த்திருந்தால் உரை எழுதும்போதே பிடித்துவிடுவார். பேச்சு இப்படிப் போகும்:

“ஐயா, இந்த இருநூறு பேருந்து இங்கே வேண்டாம். புதுச் செலவு. ஏ.ஜி. ஆபீஸ்ல கேள்வி வரும்.”

“ஏன்யா, போன வருஷமும் பஸ் வாங்கினோமே?”

“வாங்கறதா சொன்னோம்யா.”

“அப்ப சரி. ‘தொடர்ந்து வாங்கப்படும்’னு எழுது.”

அவ்வளவுதான். ‘தொடர்ந்து’ என்று சேர்த்தால் எதுவும் பழைய வேலை ஆகிவிடும்.

சட்டமுன்வடிவின் பின்னால் இருக்கும் அட்டவணையை ஒரு தடவையாவது புரட்டுங்கள், உங்களைத் தவிர யாரும் புரட்டப்போவதில்லை. கோரிக்கை எண், துறையின் பெயர், எதிரே தொகை. சென்னைக் கோட்டையில் 22 என்றால் காவல்துறை, 43 என்றால் பள்ளிக்கல்வி. பழைய பிரிவு அலுவலர்கள் துறையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். தொகை இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். ஒன்று சபை வாக்களித்துத் தருவது. மற்றது வாக்கெடுப்புக்கே வராமல் நேராகத் தொகுநிதியின் மேல் ஏறுவது: ஆளுநர் சம்பளம், உயர்நீதிமன்ற நீதிபதிகள் சம்பளம், வாங்கிய கடனுக்கு வட்டி. இவற்றுக்கு ஒதுக்கச் சட்டத்தில் இடம் வேண்டும், ஆனால் ஓட்டு வேண்டாம். வட்டி கட்டலாமா என்று உறுப்பினர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று சாசனம் எழுதியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பட்ஜெட் புத்தகங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். மதிப்பீடுகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அச்சாகும். ஒரு திட்டத்துக்கு நேரே வெறும் ‘1’ என்று இருந்தால் ஆயிரம் ரூபாய் என்று பொருள். அறிவிப்பு வந்துவிட்டது, பணம் பின்னால் வரும் என்பதற்கான டோக்கன் அது.

தேதியில் கோட்டை விடக் கூடாது. 2021-ல் தமிழ்நாட்டின் நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தது பிப்ரவரி 23. தேர்தல் ஆணையம் தேதியை அறிவித்தது பிப்ரவரி 26 மாலை. இடையில் கிடைத்த அவகாசத்தை அந்த அரசு எப்படிப் பயன்படுத்தியது என்பதை நிதியமைச்சராக வர ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்கலாம். 25-ஆம் தேதி அரசு ஊழியர் ஓய்வு வயது 59-லிருந்து 60 ஆனது. ஓய்வுபெறுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை ஒரு வருடம் தள்ளிப்போனதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. 26-ஆம் தேதி கூட்டுறவு வங்கிகளில் ஆறு பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பு. அதே நாள் வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா. மாலையில் தேர்தல் நடத்தை விதிகள் வந்துவிட்டன. நகைக்கடன் கதை இதோடு முடியவில்லை. ஆறு பவுன் என்று அறிவித்தவர்கள் தோற்றார்கள்; ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று நவம்பரில் ஆணை போட்டது அடுத்த அரசு, நிபந்தனைகளோடு. இடைக்கால பட்ஜெட்டின் அழகே இதுதான். சொல்கிறவர் ஒருவர், கொடுக்கிறவர் வேறொருவர், அடகுச் சீட்டோடு வரிசையில் நிற்கிறவர் மட்டும் அதே ஆள்.

பற்றாக்குறையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2021-22-க்கு வருவாய்ப் பற்றாக்குறை 41,417 கோடி ரூபாய் என்றது பிப்ரவரி. அதே ஆண்டுக்கு 58,692 கோடி என்றது ஆகஸ்ட். ஆட்சி மாறினால் இரண்டாவது எண்ணைப் படிக்க வேண்டியது உங்கள் பொறுப்பல்ல. மாறாவிட்டால் மட்டும் கொஞ்சம் சங்கடம். 2016-ல் பிப்ரவரி 16 அன்று இடைக்கால பட்ஜெட்டும், ஜூலை 21 அன்று திருத்திய பட்ஜெட்டும் வைத்தது அதே பன்னீர்செல்வம்தான். தன் கணக்கைத் தானே திருத்தும் யோகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இனி, ஜெயித்து வந்த புது அமைச்சருக்கு.

அவசரப்படாதீர்கள். மே மாதம் பதவியேற்றால் ஜூலை, ஆகஸ்டில் பட்ஜெட் வைப்பதுதான் ஊர் வழக்கம்: 2011-ல் ஆகஸ்ட் 4, 2021-ல் ஆகஸ்ட் 13. அதுவரை முன்னவர் வாங்கி வைத்த முன்பணத்தில் குடும்பம் நடத்துங்கள். நடத்திக்கொண்டே அவரைத் திட்டுங்கள். திட்டுவதற்கு முறையான வடிவம் வெள்ளை அறிக்கை. புது நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021-ல் அதை பட்ஜெட்டுக்கு நாலு நாள் முன்னால், ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அதில் கணக்கு. இப்படி முதலில் வயிற்றைக் கலக்கிவிட்டுப் பிறகு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தால் அது முப்பது ரூபாய் மாதிரித் தெரியும். அந்தப் பட்ஜெட் காகிதமில்லாமல் கணினியில் வந்தது. புத்தகக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்த அலுவலக உதவியாளர்கள் அன்று மட்டும் அரசை மனதார வாழ்த்தியிருப்பார்கள்.

வரி போட வேண்டியிருந்தால் பட்ஜெட்டில் போடாதீர்கள். 2011 ஜூலையில், திருத்திய பட்ஜெட்டுக்குச் சில வாரம் முன்பே, மதிப்புக்கூட்டு வரி 12.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக ஏறிவிட்டது. பேருந்துக் கட்டணமும் ஆவின் பால் விலையும் நவம்பரில் ஏறின. நடுவில் வந்த பட்ஜெட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

இன்னும் அவகாசம் வேண்டுமென்றால் ஆந்திராவைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அங்கே பழைய அரசு நாலு மாதத்துக்கு, ஜூலை வரை, முன்பணம் வாங்கியது. ஜூனில் சந்திரபாபு நாயுடு அரசு வந்தது. கணக்குவழக்கு சரியாக வேண்டும், நேரம் போதவில்லை என்று சொல்லி, ஆளுநரிடம் அவசரச் சட்டம் வாங்கி அடுத்த நாலு மாதத்துக்கும் முன்பணத்தையே நீட்டித்தது. முழு பட்ஜெட் வந்தது நவம்பர் 11. அதாவது ஆண்டு முடிய நாலரை மாதம் இருக்கும்போது, அந்த ஆண்டை எப்படி நடத்துவது என்று திட்டமிட்டார்கள். அதே ஆந்திராவில் 2020-லும் 2021-லும் முன்பிருந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு முன்பணத்தை அவசரச் சட்டத்தில்தான் எடுத்தது. முதல் தடவை கொரோனா. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. என்னைக் கேட்டால், நோய்க்காலத்துக்கு வைத்த வழியை நல்ல நாளிலும் எடுப்பது சரியில்லை. சபையின் கையில் இருக்கும் ஒரே பிடி பணப்பெட்டியின் சாவி. அதையும் அவசரச் சட்டத்திடம் கொடுத்துவிட்டு எதை விவாதிப்பது? ஆனால் இது செய்முறை வழிகாட்டி, புலம்புவதற்கான இடமல்ல.

சபையே இயங்காவிட்டால்? அதற்கும் வழி உண்டு. மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்ததும், 2025 மார்ச்சில் அந்த மாநிலத்தின் பட்ஜெட்டும் முன்பணமும் டெல்லியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன.

அமெரிக்கா போல ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னசோட்டா மாநிலத்தில் 2011 ஜூலையில் பட்ஜெட் உடன்பாடு வராமல் இருபது நாள் அரசாங்கத்தையே இழுத்து மூடினார்கள். பூங்கா மூடல், லாட்டரி நிறுத்தம். பீர் கம்பெனி ஒன்றின் உரிமத்தைப் புதுப்பிக்க ஆளில்லாமல், சரக்கைக் கடையிலிருந்து எடுக்கச் சொல்லும் நிலை வந்தது. நம் ஊரில் இந்த விபரீதம் நடக்காது. டாஸ்மாக் 1983-ல் பதிவான கம்பெனி. மானியக் கோரிக்கை நிறைவேறும் வரை கடை திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, முன்பணத்தின் கீழே வாழ்கிறவர்களுக்கு. நீங்கள் ஆசிரியரோ ஓய்வூதியரோ என்றால் ஒன்றும் தெரியாது, பணம் வந்துவிடும். கருவூலத்தில் பில் பாஸ் ஆகும். நீங்கள் சாலைக் காண்டிராக்டர் என்றால் கதை வேறு. பாதியில் நிற்கும் வேலைக்குப் பில் கிடைக்கும். புது வேலைக்குப் போய் நின்றால், “ஒதுக்கீடு இன்னும் வரலீங்க, பட்ஜெட் முடியட்டும்” என்பார்கள். ஆகஸ்டில் பட்ஜெட். அதற்கப்புறம் துறைவாரி விவாதம். விவாதத்தில் அமைச்சர் உங்கள் சாலையை அறிவிப்பார், மேசை தட்டுவார்கள். பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். டெண்டர் திறக்கும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும்; மழையில் தார் போட முடியாது, போட்டாலும் நிற்காது. பொங்கல் முடிந்து ஜல்லி இறக்கினால் கையில் இருப்பது பத்து வாரம். மார்ச் 31-க்குள் பில் கருவூலத்துக்குள் போகாவிட்டால் ஒதுக்கீடு சரண்டர். அடுத்த ஆண்டுப் பணத்துக்கு மறுபடி முதலிலிருந்து. ஆகவே தார் ஆறுவதற்குள் எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் அளவு ஏறி, உதவிப் பொறியாளர் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். அந்த எம்-புக் யாருடைய மேசையில் இருக்கிறது, அவர் மார்ச் கடைசி வாரம் லீவு போட்டிருக்கிறாரா என்று பிப்ரவரியிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.