பிளாக்கின் அளவு

கேள்வி: பிட்காயினில் நெரிசல் என்றால், பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் பிளாக்கின் அளவைப் பெருக்கிவிட வேண்டியதுதானே?

பதில்: பெருக்கலாம், யாருடைய உத்தரவின் பேரில் என்பதுதான் சங்கடம். பிட்காயினைப் படைத்த சதோஷி நகமோட்டோ 2010-இல் விதித்த 1 மெகாபைட் வரம்பினால், ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒன்றாகப் பிறக்கும் பிளாக்குகளில் விநாடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைகளுக்கு மேல் இடமில்லாமற்போக, அதைத் தளர்த்தினாலோ, கணக்கு முழுவதையும் தம் வீட்டுக் கணினியிலேயே பரிசோதிக்கும் சாமானியர் பாரம் தாங்காது விலகி, அதிகாரம் சில பெரிய ஸ்தாபனங்களிடம் குவிந்துவிடுமே என்ற நியாயமான அச்சம் எழுந்தது. கட்டளையிட அதிபதி இல்லாத அமைப்பில் விவாதம் வருஷக்கணக்கில் நீண்டு, 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, 8 மெகாபைட் கோரியவர்கள் பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். மூல நாணயமோ அம்மாதமே, கையொப்பத் தரவைத் தனியே பிரித்துவைக்கும் செக்விட் திருத்தத்தால் சற்று இடம் பெற்றது. சாமானியனின் பரிசோதனை உரிமையைக் காத்தவர் பக்கமே நியாயம் என்பது என் துணிபு.