பாட்டிலுக்கும் ஒரு வீடு

அமெரிக்கச் சட்டத்தின் நுட்பமே நுட்பம். கலிஃபோர்னியாவில் மூடி திறந்த மதுப் பாட்டிலைக் காரில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. டேஷ்போர்டு அறையில் ஒளித்தாலும் குற்றம்தான். டிக்கியில் போட வேண்டும். நியாயம்.

ஆனால் வண்டிக்குள் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் இருந்தால் அது மோட்டார்ஹோம். அதாவது, இல்லறம். அதன் வசிப்பிடப் பகுதியில் பயணிகள் பாட்டிலைத் திறக்கலாம், பருகலாம். 1998-இல் வந்த மத்தியச் சட்டமும் இந்த விலக்குக்குத் தலையாட்டுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் வீடு வீடுதானே! ஓட்டுநர் இருக்கை நெடுஞ்சாலை. நாலடி பின்னால் வரவேற்பறை. எல்லைக்கோடு எங்கே என்று பாட்டிலுக்கு நன்றாகத் தெரியும்.

இதைச் சீர்திருத்தமாகவே வளர்க்கலாம். கார்தோறும் ஒரு மடக்குக் கட்டில், ஓர் அடுப்பு, ஜன்னலில் பூந்தொட்டி. போலீஸார் சைரன் அடிக்காமல் அழைப்புமணி அழுத்திவிட்டுக் காத்திருக்கலாம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நடைபாதையில் கூடாரம் போட்டு வாழ்கிறவர் மட்டும் வாசலில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தால் பிடித்துவிடுவார்கள். தப்பு அவருடையதுதான். வீட்டுக்குச் சக்கரம் மாட்ட மறந்துவிட்டார்.