எங்கள் வீட்டு மான்

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் குடியிருக்கும் என் மச்சான் வாரம் ஒருமுறை போன் செய்வார். ஊர் விசாரிப்பெல்லாம் அரை நிமிடம். பிறகு, "நேத்து ராத்திரி மான் வந்துச்சு மாமா. வாசல்ல இருந்த ரோஜாவ மொட்டோட தின்னுட்டுப் போயிடுச்சு" என்பார். குரலில் துக்கம் துளி இருக்காது. பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்ததைச் சொல்லும் குரல் அது. 1959-இல் கிண்டிக் காட்டில் ஒரு பகுதியை எடுத்து ஆரம்பித்த வளாகம். மனிதர்கள் குடிவந்தார்கள்; மான்கள் காலி செய்யவில்லை.

வீராணம் ஏரித் தண்ணீரை 2004 முதல் எங்கள் சேத்தியாத்தோப்பிலிருந்துதான் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறோம். பதிலுக்கு அங்கிருந்து எனக்கு வருவது இந்த மான் கதை ஒன்றுதான்.

எனக்கும் ரோஜா உண்டு. எங்கள் களிமண் நெல்லுக்குத் தாய், ரோஜாவுக்கு மாமியார். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் மணலும் தொழு உரமும் கலந்து, மேடு கட்டி, ஏழு பன்னீர் ரோஜா வைத்தேன். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார்: எதிர்வீட்டு ஆயாவின் வெள்ளாட்டுக்குட்டி. செம்பழுப்பு உடம்பு, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா ஆடுகளின் வம்சம் என்று ஆயா சொல்வார். ஆட்டுக்குத்தான் விலையில்லை, ரோஜாச் செடி ஒன்று 150 ரூபாய்.

தீனிக்குப் பஞ்சமா? கரும்பு வெட்டுகிற காலத்தில் ஊரே தோகைக்குள் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் மதிலின் மேல் முன்னங்கால் இரண்டையும் வைத்து, திண்ணையில் பேப்பர் படிக்கிற பெரியவர் மாதிரி நிதானமாக மொட்டு மொட்டாகத் தின்னும்.

யோசித்தால் மானுக்கும் ஆட்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டும் அசைபோடுபவை, இரண்டுக்கும் இரைப்பையில் நாலு அறை, இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் நறுக்கென்று கடிக்காமல் பிய்த்து இழுக்கும். மச்சான் அனுப்பிய போட்டோவையும் என் செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுனி ஒரே மாதிரிதான் பிய்ந்திருந்தது. பிறகு ஏன் அவருக்குப் பெருமை, எனக்கு எரிச்சல்? இராமாயணம்தான் காரணம். மாரீசன் மட்டும் பொன்னாடாக வந்திருந்தால், சீதை "விரட்டிவிடு லட்சுமணா, செடியெல்லாம் போச்சு" என்றிருப்பாள். கதை ஆரண்ய காண்டத்திலேயே சுபம்.

சட்டத்தையும் புரட்டினேன். மானைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். ஆட்டுக்கு இருப்பது 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம். அதில் 'கால்நடை' என்ற சொல்லுக்குள் ஆடு, ஆட்டுக்குட்டி மட்டுமல்ல, யானையும் ஒட்டகமும் வருகின்றன. பயிரை மேய்ந்தால் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். அந்தத் தைரியத்தில் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"ஆயா, குட்டி ரோஜாவத் தின்னுடுச்சு."

"ஐயையோ, முள்ளு குத்திடுச்சா தம்பி?"

"எனக்கா?"

"குட்டிக்கு."

1871-ஐ மடித்து வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்து முன்னோரிடம் போனேன். ஆடு எதைத் தொடாது என்று பார்த்து அதையே பேராக வைத்தவர்கள் அவர்கள்: ஆடாதொடை, ஆடுதீண்டாப்பாளை. ஆடு தின்னாத இலைகளைக் கோமியத்தில் ஊறவைத்துத்தான் இயற்கை விவசாயிகள் பூச்சிவிரட்டி தயாரிக்கிறார்கள். நானும் ஆடாதொடை, நொச்சி, எருக்கு மூன்றையும் இடித்து, பத்து நாள் ஊறவைத்துத் தெளித்தேன். குட்டி வந்தது, மோந்தது, தும்மியது, போய்விட்டது. பால்காரரும் அன்றிலிருந்து தெருவிலேயே நின்று குரல் கொடுத்தார். தப்பிப் பூத்த இரண்டு பூவை மனைவியிடம் நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனவள், "இத நீங்களே வச்சிக்குங்க" என்று திருப்பித் தந்தாள்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. வீராணம் ஏறியது, என் கரைசல் கரைந்து வெள்ளாற்றுக்குப் போனது. மழை விட்ட ஒரு மத்தியானம், நான் கண்ணயர்ந்த நேரத்தில், குட்டி ஏழு செடியையும் முழங்கால் உயரத்துக்கு மட்டம் செய்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்த ஆயா, ஒரு கூடை ஆட்டுப்புழுக்கையைக் கொட்டிவிட்டு, "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்றார். நட்டஈடு முடிந்தது.

ரோஜாவை அக்டோபர் வாக்கில் கவாத்து செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வளர்த்த கையால் வெட்ட மனம் வராமல் மூன்று வருஷமாகக் கத்தரிக்கோலைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். குட்டிக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. மார்கழியில் பிய்ந்த இடத்துக்குக் கீழெல்லாம் துளிர். துளிருக்குத் துளிர் மொட்டு.

பொங்கலுக்கு மச்சான் குடும்பத்தோடு வந்தார். அவருடைய நாலு வயது மகள் வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக, "அப்பா, இங்கயும் மான்!" என்று கத்தினாள். அவளுக்குத் தெரிந்தவரை புள்ளி போட்டு ரோஜா தின்றால் அது மான். மதில் மேல் இரண்டு முன்னங்கால். வாயில் என் பூ.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாம்மா, தினம் வரும்."