குறிஞ்சி நிலத்து மாணவர் கார்: ஓர் இலக்கண ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

மாணவர் கார் என்பது, கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பயில்வோர் ஓட்டுவதும், அவர்தம் பெற்றோர் தவணை கட்டுவதும், உற்றார் உறவினர் அனைவரும் கருத்துச் சொல்வதுமாகிய நாற்சக்கர ஊர்தியைக் குறிக்கும். பஹாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த பிரிஞ்சாங்கும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுமே இவ்வாய்வின் எல்லை. நிறத்தையும் ஒலிபெருக்கியையும் முன்னிறுத்தித் தெரிவு செய்யப்படும் சமவெளிக் கார்கள் இதற்குப் புறம்பானவை. நிலத்தையும் அதன் வாழ்வையும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்து ஆராய்வது தமிழிலக்கண மரபாதலாலும், மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சியாதலாலும், அம்முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பிரிஞ்சாங்கிலிருந்து சமவெளிக்கு இறங்க மாணவர்க்கு இரு வழிகள் உண்டு: தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பா செல்லும் பழைய சாலை ஒன்று, கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் புலாய் செல்லும் அகன்ற சாலை மற்றொன்று. முன்னது வளைவுகளாலும் பின்னது நீண்ட சரிவுகளாலும் காரைச் சோதிப்பதால், இரண்டில் எது எளிது என்ற வினாவுக்குத் தோட்டத்து லோரி ஓட்டுநர்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. சாலையின் மறுமுனையில் கம்பாரின் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமோ, 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமோ காத்திருக்கும். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலையும் இருப்பதால், ஆசிரியரையும் காரையும் ஒருங்கே உருவாக்கும் ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் அங்குப் பயிலச் செல்லும் பிரிஞ்சாங் மாணவர் போட்டி நிறுவனமான பெரோடுவாவின் காரில் போய் இறங்குவதற்குத் தடையேதும் இல்லை.

நிலம் காற்றையும் ஆளும். இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு; எரிபொருளை எரிக்கக் காற்றையே நம்பியிருக்கும் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். 1994இல் வெளிவந்து 2009இல் உற்பத்தி நின்ற பெரோடுவா கான்சில், மூன்று சிலிண்டர்களும் 660 சி.சி. எஞ்சினும் கொண்டதாகத் தாப்பாவில் புறப்பட்டு, பிரிஞ்சாங்கை அடையும்போது சுமார் 570 சி.சி. காருக்குரிய மூச்சோடு வந்து சேர்கிறது. மாணவரும் மலையிறங்கிப் போனபோது இருந்த ஊக்கத்தில் ஒரு பங்கைத் தேர்வு மண்டபத்தில் விட்டுவிட்டே திரும்புகிறார் என்பதால், இவ்விழப்பை வீட்டார் காரின் குறையாகக் கொள்வதில்லை.

பொழுதைப் பொறுத்தவரை, குறிஞ்சிக்கு யாமம் உரியது என்பர். மாணவர் காருக்கோ வெள்ளிக்கிழமை மாலை ஏறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை மாலை இறங்குபொழுது. பள்ளி விடுமுறையில் சுற்றுப்பயணிகளின் கார்கள் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை வரிசை கட்டி நிற்கும் சனிக்கிழமை, எந்தப் பொழுதிலும் சேராமல் தனித்து நிற்பது.

கருப்பொருள்

கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, பறை முதலியன. தெய்வம் சேயோன், பிரிஞ்சாங்கின் தெண்டாயுதபாணி கோயில் வாசலில் புதுக்காரின் நான்கு சக்கரங்களும் எலுமிச்சம்பழங்களை நசுக்கிப் புறப்படுவதால், இக்கூறில் மரபு சிறிதும் வழுவவில்லை. உணவு, தினைக்கு மாற்றாக முட்டைக்கோசும் தேயிலைப் பொட்டலமும். இவை பின்பெட்டியில் இறங்கும், அழுக்குத் துணி அதே இடத்தில் ஏறும். பறைக்கு மாற்று, எதிர்வருவோர் தெரியாத வளைவுகளில் அடிக்கப்படும் ஹார்ன். உரிமம் பெற்ற முதல் 2 ஆண்டுகளுக்கு ஒட்டவேண்டிய ‘பி’ எழுத்தும் கருப்பொருளே. அவ்வுரிமத் தேர்வில் ‘புக்கிட்’ எனப்படும் செயற்கை மேட்டில் காரை நிறுத்திப் பின்னுக்கு உருளாமல் நகர்த்திக் காட்டவேண்டும். காய்கறித் தோட்டத்தின் மண்பாதையில் துருப்பிடித்த லேண்ட் ரோவரில் ஸ்டியரிங் பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு, அந்த மேடு மேடாகவே தோன்றாது.

ஏர்கோன் குறித்துத் தனிக் குறிப்பு தேவை. பிரிஞ்சாங்கில் அதைப் போடுவோர் அரிது. ஆகவே மலையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கிய பழைய காரின் ஏர்கோன் வேலை செய்யவில்லை என்ற உண்மை, லாத்தா இஸ்கந்தார் அருவியைக் கடந்து, ஸ்வெட்டரைக் கழற்றி, தாப்பாவின் வெயிலில் பொத்தானை அமுக்கும்போதுதான் வெளிப்படும்.

உரிப்பொருள்

உரிப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய மன ஒழுக்கம். இதுபற்றிய ஆய்வாளர் மூன்று பள்ளியினர். 1985 முதல் வெளிவரும் புரோட்டோன் சாகாவை ஆதரிப்போர், பின்பெட்டியின் அகலத்தைச் சான்று காட்டுவர். கான்சில் பள்ளியினர் எண்ணெய்ச் சிக்கனத்தையும், உதிரிப்பாகம் எங்கும் கிடைப்பதையும் கூறுவர். 2005இல் வந்த மைவியை ஆதரிப்போர் காரணம் எதுவும் கூறுவதில்லை. வேகமாக முந்திச் சென்றுவிடுவர்.

மூன்று பள்ளியும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. கார் பார்க்கச் செல்லும் தந்தையும் சித்தப்பாவும் விற்பவரிடம் முதலில் கேட்பது, “மேல ஏறுமா?” என்பதே, “கீழ இறங்குமா?” என்று எவரும் கேட்டதில்லை. இயற்பியல் நோக்கில் இது தலைகீழானது. ஏறும்போது கார் நின்றுபோனால் தள்ளலாம், இழுக்கலாம். இறங்கும்போது கால் எடுக்காமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், ஆகையால் ஏறிய கியரிலேயே இறங்குவது மலைச்சாலையின் விதி. ஆபத்து இறக்கத்தில் இருக்க, கேள்வி ஏற்றத்தைப் பற்றியதாக இருப்பதற்குக் காரணம், இறங்குவது பிள்ளையின் காரியம், ஏறுவதோ வீட்டின் காரியம் என்பதே. ஆகவே மாணவர் காரின் உரிப்பொருள் போதல் அன்று, திரும்பி வருதல்.

தடையும் விடையும்

இம்முடிபுக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நன்றாக ஏறும் காரை உடைய மாணவர், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மட்டுமன்றி, மாமா மகள் நிச்சயதார்த்தத்துக்கும் பெரியம்மா வீட்டு மொட்டைக்கும் தவறாமல் மேலே வரவேண்டியவராகிறார். எனவே தேர்வு நெருங்கும் காலத்தில் காரின் ஏறுவலு ஐயத்துக்குரிய அளவில் குறைவதும், “ஏறும்போது சூடாகுதுப்பா” என்ற அறிக்கை தொலைபேசியில் வருவதும் இயல்பு. இதற்கு விடை எளிது: தந்தை பஸ்ஸில் இறங்கிச் சென்று, அதே காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் பிள்ளையையும் அமர்த்தி, இரண்டாம் கியரில் பிரிஞ்சாங் கொண்டுவந்து சேர்ப்பார்; அவ்வேளையில் எந்த நிறுவனத்தின் காரும் சூடாவதில்லை.