உன் சீரியல் நிஜமா, என் சீரியல் நிஜமா?

1995-ல் அமெரிக்க டிவியில் வந்த ஒரு காட்சி. 'சைன்ஃபெல்ட்' சீரியலின் ஜார்ஜ், கல்யாணம் நிச்சயமான சூஸனுக்குப் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி டிவி பார்க்கிறார். ஓடுவது 'மேட் அபௌட் யூ' என்ற இன்னொரு சீரியல். சூஸனுக்கு அது உயிர். ஜார்ஜுக்கு அதுதான் எமன். மோதிரம் மாற்றுவதற்கு முன்பே ரிமோட் கைமாறிவிட்டது என்பதுதான் ஜோக்.

சாதாரண மனிதர்கள் சிரித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். ஞாபகசக்தி உள்ள பாவிகளுக்குத்தான் தூக்கம் போயிருக்கும். 1992-லேயே 'மேட் அபௌட் யூ' நாயகன் பால் புக்மன், தன் பழைய பிரம்மச்சாரி ஃப்ளாட்டை ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஒருவர் யார் தெரியுமா? 'சைன்ஃபெல்ட்' சீரியலின் க்ரேமர். சாட்சாத் அதே க்ரேமர், அதே நடிகர். ஆக, ஜார்ஜின் நண்பர் வாடகை கட்டியது டிவி பெட்டிக்குள் மட்டுமே வாழ்கிற ஒரு மனுஷனுக்கு!

நம்ம ஊர் சேனல்கள் 'மகா சங்கமம்' என்று இரண்டு சீரியல் குடும்பங்களை ஒரே வீட்டில் அடைத்து அழவைக்கும். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. இரண்டு குடும்பமும் நிஜம் என்று ஒப்புக்கொண்டுதான் அழவைப்பார்கள். அமெரிக்கர்களோ இன்றைக்குச் சம்பந்தியாகக் கைகுலுக்கிவிட்டு, நாளைக்கே 'அட, நீங்க டிவியில வர்றவராச்சே' என்பார்கள்.

என்.பி.சி. சேனலுக்கும் ஒரு சங்கம ஆசை வந்தது. 1994 நவம்பர் 3, வியாழக்கிழமை. 'மேட் அபௌட் யூ'வில் பால் புக்மனின் மனைவி ஜேமி, ஓசியில் கேபிள் இழுக்கப் போய் நியூயார்க் முழுக்க கரன்ட்டைப் பிடுங்கிவிடுகிறார். அடுத்த அரை மணி நேரத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியலில் அதே இருட்டு. சாண்ட்லர் ஒரு மாடல் அழகியோடு ஏ.டி.எம். அறைக்குள் மாட்டிக்கொண்டு பேச நா எழாமல் தவிக்கிறார். ஒன்பதரை மணி சீரியலிலும் இருட்டு. நடுவில் ஒன்பது மணிக்கு 'சைன்ஃபெல்ட்'. அவர்கள் மட்டும் இந்த விளையாட்டுக்கு வர மறுத்துவிட்டார்கள். விளைவு? நகரமே கும்மிருட்டில் கிடக்க, ஜெர்ரி சைன்ஃபெல்ட் வீட்டில் மட்டும் லைட் ஜெகஜோதியாக எரிந்தது. ஃப்யூஸைப் பிடுங்கியது வீட்டுக்காரர் சம்சாரம். வாடகைக்கு இருக்கும் க்ரேமருக்கோ கரன்ட் போனதே தெரியாது. ஈகோவுக்குத் தனி ஜெனரேட்டர் உண்டு போலும்.

'ஃப்ரெண்ட்ஸ்' கதை இன்னும் விசேஷம். லிசா குட்ரோ என்ற நடிகை, 'மேட் அபௌட் யூ'வில் எதுவும் சரியாகக் கொண்டுவராத உர்சுலா என்ற ஹோட்டல் பணிப்பெண்ணாக வந்துகொண்டிருந்தார். அவரையே 'ஃப்ரெண்ட்ஸ்' குழுவும் ஃபீபியாகப் போட்டுவிட்டது. எட்டு மணிக்கும் அதே முகம், எட்டரைக்கும் அதே முகம், இரண்டும் அதே நியூயார்க். ஹாலிவுட்டின் மகாமூளைகள் கூடி யோசித்தன. கண்டுபிடித்த தீர்வு: இருவரும் இரட்டைச் சகோதரிகள்! நம் சினிமாக்காரர்கள் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் குழப்பம் தொண்ணூறுகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1957-லேயே 'ஐ லவ் லூசி' சீரியலில் லூசியின் குட்டிப் பையன் டிவியில் வாய் பிளந்து 'சூப்பர்மேன்' பார்க்கிறான். பிறகு அவனுடைய பிறந்தநாள் பார்ட்டிக்கு அந்த சூப்பர்மேனே வருகிறார். நடித்தவர் ஜார்ஜ் ரீவ்ஸ். கதையில் அவரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கும் அவர் சூப்பர்மேன்தான். பிள்ளைகளை ஏமாற்றக்கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் உலகைக் காக்க வந்த மகாபுருஷர் அன்று செய்த வேலை, சூப்பர்மேன் வேஷம் கட்டி ஜன்னலுக்கு வெளியே கட்டடத்தின் விளிம்பில் சிக்கிக்கொண்ட லூசியைக் காப்பாற்றியது.

இதற்கெல்லாம் சிகரம் 'செயின்ட் எல்ஸ்வேர்'. பாஸ்டன் நகரில் ஓர் ஓட்டை ஆஸ்பத்திரி, டாக்டர்கள், நோயாளிகள், ஒரே சோகம். 1985-ல் அதன் மனநலப் பிரிவில் தன் பெயரே மறந்துபோன ஒரு மனிதர். டிவி பார்த்துப் பார்த்து, தான்தான் 'மேரி டைலர் மூர் ஷோ'வின் நாயகி மேரி என்று முடிவுகட்டிவிடுகிறார். மீசை முளைக்கிற வயதைத் தாண்டிய ஆண் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே விருந்தினராக நடிக்க வந்த பெட்டி ஒயிட்டைப் பார்த்ததும் அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த ஷோவில் பெட்டி செய்த பாத்திரமான 'சூ ஆன்' பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவரோ, வேறு யாரோ என்று நினைத்துவிட்டீர்கள் என்று மரியாதையாக நகர்கிறார்.

அப்படியானால் 'மேரி டைலர் மூர் ஷோ' கற்பனை. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே பிரிவில் இன்னொரு நோயாளி, திருவாளர் கார்லின். அவர் 'பாப் நியூஹார்ட் ஷோ'விலிருந்து நேராக வந்தவர். இங்கே ரத்தமும் சதையுமான நிஜம்! மூன்று சீரியலையும் தயாரித்தது ஒரே கம்பெனி, எம்.டி.எம். அந்த மூன்று எழுத்துகளின் விரிவு மேரி டைலர் மூர். முதலாளியம்மாவைக் கற்பனையாக்கிவிட்டு, பக்கத்து செட் ஆசாமியை நிஜமாக்கிய தைரியத்துக்கே தனியாக ஒரு எம்மி விருது கொடுத்திருக்கலாம்.

1988-ல் கடைசி எபிசோடு. டாக்டர் வெஸ்ட்ஃபாலுக்கு டாமி என்று ஒரு மகன், ஆட்டிசம் உள்ள சிறுவன். கடைசிக் காட்சியில் டாக்டர் திடீரென்று கட்டட வேலைக்காரராக வீடு திரும்புகிறார். சற்று முன் செத்துப்போன பெரிய டாக்டர், தாத்தாவாகச் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார். பையன் கையில் உள்ளே பனி கொட்டும் கண்ணாடி உருண்டை. அப்பா அதை வாங்கி டிவி பெட்டி மேல் வைக்கிறார். உருண்டைக்குள் பொம்மை மாதிரி நிற்பது அந்த ஆஸ்பத்திரி! ஆறு வருஷம் கைக்குட்டையும் கண்ணுமாகப் பார்த்தது எல்லாம் ஒரு சின்னப் பையனின் யோசனை.

சரி, போகட்டும் என்றால் விடுகிறார்களா? இந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் 'சியர்ஸ்' சீரியலின் பாருக்குப் போய்த் தண்ணி அடித்தவர்கள். ஆக, சியர்ஸும் அந்த உருண்டைக்குள். அதிலிருந்து கிளைத்த 'ஃப்ரேஷர்' தானாக உள்ளே. இதே ஆஸ்பத்திரியின் இன்னொரு டாக்டரம்மா 1998-ல் 'ஹாமிசைட்' சீரியலில் தலைகாட்டினார். அதன் துப்பறிவாளர் மன்ச் இருக்கிறாரே, அவருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. 'லா அண்ட் ஆர்டர்', 'எக்ஸ் ஃபைல்ஸ்', 'அரெஸ்டட் டெவலப்மென்ட்', 'தி வயர்' என்று எங்கும் நடிகர் ரிச்சர்ட் பெல்சர் அதே மன்ச்சாகப் போய் நின்றார்.

மன்ச்சுக்கு முன்மாதிரி, பால்டிமோரின் நிஜ போலீஸ்காரர் ஜே லேண்ட்ஸ்மன். 'தி வயர்' சீரியலில் ஜே லேண்ட்ஸ்மன் என்றே ஒரு போலீஸ் பாத்திரம் உண்டு. நடித்தவர் வேறொருவர். நிஜ லேண்ட்ஸ்மனும் அதில் நடித்தார், மெல்லோ என்ற பெயரில். ஒரே சீரியலில் அசல், அசலின் பெயரில் ஒரு நகல், அசலைப் பார்த்துச் செய்த இன்னொரு நகல். ஆதார் அட்டை கேட்டால் மூவரும் மாட்டுவார்கள்.

2002-ல் ட்வெய்ன் மெக்டஃபி என்ற காமிக்ஸ் எழுத்தாளர் இந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்து, அப்படியானால் அமெரிக்க டிவியில் பாதி டாமியின் கற்பனைதான் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியது கிண்டலாக. எல்லாக் கதையும் எல்லாக் கதையோடும் பொருந்த வேண்டும் என்று அடம்பிடிக்கும் காமிக்ஸ் ரசிகர்களே, கொஞ்சம் விடுங்கள் என்பது உள்ளர்த்தம். ரசிகர்கள் விட்டார்களா? பென்சிலை எடுத்து, 400-க்கும் மேற்பட்ட சீரியல்களைக் கோடு போட்டு இணைத்து வரைபடம் தயாரித்துவிட்டார்கள்.

பிரையன் வெதர்சன் என்ற தத்துவப் பேராசிரியர் உட்கார்ந்து இந்த வாதத்துக்கு ஆறு ஆட்சேபணைகள் எழுதினார். கனவில் லண்டன் வந்தால் லண்டன் பொய்யாகிவிடுமா என்கிற ரகம். சம்பளம் வாங்கும் தத்துவப் பேராசிரியர்!

ஆட்சேபணை ஆறும் நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு டாமிக்கே. ஊரே இருட்டில் இருக்க ஒரு வீட்டில் மட்டும் லைட் எரிந்ததும், க்ரேமர் டிவிக்காரருக்கு வாடகை கட்டியதும், முதலாளியம்மா கற்பனையாகிப் போனதும் ஒரு சின்னப் பையன் விளையாட்டாக யோசித்தது என்றால் நம்பலாம். கோடிகளில் சம்பளம் வாங்கிய பெரியவர்கள் மீட்டிங் போட்டு யோசித்தது என்றால் என்னால் நம்ப முடியவில்லை.