‘ஓகே லா’ முதலாளி

தைப்பிங்கில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மளிகைக்கடையிலும் இருப்பார், லாரி கம்பெனியிலும் இருப்பார். கல்லாச் சாவி இடுப்புக் கயிற்றில் தொங்கும். பெற்ற மகன் கேட்டாலும் அவிழ்க்க மாட்டார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் கர்ணன்.

2024 ஆகஸ்டில் பெரிய கம்பெனிகளைப் பிடித்த இ-இன்வாய்ஸ், படிப்படியாக இவர் வாசலுக்கும் வந்தது. கணக்கு எழுதும் நானோ ஈப்போவில். ஒரு மணி நேர ஓட்டம். ஆகவே போன்.

“அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்குள்ள வரணும். எனிடெஸ்க்கத் திறந்து நம்பர் சொல்லுங்க.”

சொன்னார். அதே மூச்சில் பேங்க் பாஸ்வேர்டையும் சொல்லத் தொடங்கினார்.

“ஐயோ, அது வேணாம்ணே! நான் எதுக்கு வர்றேன்னு கேளுங்க. சரின்னாதான் அக்செப்ட்.”

“அமுக்கியாச்சு லா.”

அந்த அக்செப்ட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, திரையைப் பார்க்க மட்டும் விட்டு, மௌஸையும் ஃபைலையும் தனித்தனியே மறுக்க வழி உண்டு. இவர் இதுவரை மறுத்தது என் ஃபீஸ் உயர்வை மட்டும்தான்.

ஒப்புதல் பாரம் அனுப்பினேன்: யார் நுழைவார், எதைத் திறப்பார், எத்தனை நாளுக்கு. கடன் வாங்கியவர்களின் ஐசி நம்பரெல்லாம் உள்ளே கிடக்கிறதே, 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று விளக்கவும் செய்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் அவரே போட்டு, கடைச் சாப்பும் குத்தியிருந்தார்.

சிரிக்க மனசு வரவில்லை. அவர் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கிராணி நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைப்பதுதான் அங்கே மரியாதை. என்ன ஏது என்று கேட்டவனுக்கு ‘வாய் நீளம்’ என்று பெயர்.

ஒருநாள் நான் உள்ளே இருக்கும்போதே திரை மூலையில் வாட்ஸ்அப் எட்டிப் பார்த்தது: ‘அண்ணே, அந்தாளு வாங்குறதுல பாதிக்கே நான் கணக்கு முடிச்சித் தாரேன்.’

போனில் சத்தமே இல்லை. பிறகு, “தம்பி... அதெல்லாமா உனக்குத் தெரியும்?”

“நீங்க தொறந்துவிட்ட அம்புட்டும் தெரியும்ணே.”

அன்றுதான் பாரத்தைத் தேடி எடுத்து வரிவரியாகப் படித்தார். மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நல்ல கேள்வி. நான்காவதற்குள் லாரூட் மலைப் பக்கம் இடி இடித்தது, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். மேகம் கறுத்துவிட்டால் இந்த ஊரில் எந்த ஒப்புதலும் செல்லாது.

இன்னொன்று: வருமான வரி ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது இதே எனிடெஸ்க் நம்பரைக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், அண்ணே. பணம் போனது தெரிந்தால் உடனே 997-க்குப் போன் போடுங்கள்.