காற்றடைத்த பையை நம்பிக் காடேறிய கதை

1947-ஆம் ஆண்டு. வேல்ஸில் ஆங்கிள்சீ தீவு, ரெட் வார்ஃப் பே கடற்கரை. ரோவர் கார் கம்பெனியின் பொறியியல் மூளையான மாரிஸ் வில்க்ஸ், மணலில் கோடு கிழித்து ஒரு வண்டியின் படம் போட்டு அண்ணன் ஸ்பென்சருக்குக் காட்டினார். அண்ணன்தான் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். தம்பி போட்ட கோலம் அண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று. லேண்ட் ரோவர் பிறந்தது. இந்தக் காலமாக இருந்தால் அதற்கு நாற்பது ஸ்லைடும் ஆறு கமிட்டியும் ஆகியிருக்கும். வண்டி மட்டும் வந்திருக்காது.

அலை வந்து படத்தை அழிப்பதற்குள் அண்ணனும் தம்பியும் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தபோது அதன் அடியில் இருந்தது, குதிரை வண்டிக் காலத்திலிருந்தே மனித முதுகெலும்பைப் பதம் பார்த்துவந்த லீஃப் ஸ்பிரிங். நம் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்பார்களே, அதேதான். போர் முடிந்த நேரம், பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடம்பு அலுமினியம். ஓட்டுகிறவனின் இடுப்புக்குக் கீழே மட்டும் இரும்பைத் தாராளமாக அடுக்கியிருந்தார்கள்.

பட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்வதும் அதுவே, சுமையைத் தாங்குவதும் அதுவே. தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் பாதி ஷாக் அப்சார்பர் வேலையையும் அதுவே பார்த்துவிடும். மூன்று ஆள் வேலையை ஒரே ஆள் செய்தால் அந்த ஆள் சிரித்த முகமாக இருக்க மாட்டான், அவ்வளவுதான்.

சுருள் கம்பி அப்போது தெரியாத சங்கதியா என்றால், இல்லை. 1676-ல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானிக்கு ஸ்பிரிங்கின் ரகசியம் பிடிபட்டிருந்தது. கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்லவும் வேண்டும், எவனும் திருடவும் கூடாது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு லத்தீன் வாக்கியத்தின் பதினான்கு எழுத்துகளையும் பிரித்து அகரவரிசையில் அடுக்கி அச்சடித்துவிட்டார். விடையை இரண்டு வருஷம் கழித்து 1678-ல் அவரே சொன்னார்: எவ்வளவு நீட்சியோ அவ்வளவு விசை. இரண்டு மடங்கு சுமை ஏற்றினால் இரண்டு மடங்கு அமுங்கும். காயில் ஸ்பிரிங்கின் முழு ஜாதகமும் இதுதான். அந்த ஜாதகத்தில் கம்ப்ரஸர் கிடையாது, சென்ஸார் கிடையாது, சர்வீஸ் சென்டர்காரர் போன் செய்து "சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்று இழுக்கும் கண்டம் கிடையாது.

இந்தச் சுருளைக் காட்டு வண்டியின் நான்கு மூலைக்கும் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் ஸ்பென் கிங். வில்க்ஸ் சகோதரர்கள் இவருக்கு மாமா முறை. ரோவர் கம்பெனி வெளியே மோட்டார் தொழிற்சாலை, உள்ளே குடும்பச் சொத்து. 1970 ஜூன் 17 அன்று ரேஞ்ச் ரோவர் அறிமுகமானது. நீளமான, மெத்தென்ற காயில்கள். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க இறங்க, காயில் நீண்டு அதைத் தரையோடு சேர்த்து அழுத்தியே வைத்திருக்கும். தரையைத் தொடாத சக்கரம் வண்டியை நகர்த்தாது. காட்டு ஓட்டத்தின் மொத்த வேதாந்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

மெத்தென்று இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆரம்பகால ரேஞ்ச் ரோவரில் ஆன்ட்டி ரோல் பார் கிடையாது. வளைவில் அது சாய்கிற சாய்ப்பைப் பார்த்து எதிரில் வருகிறவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் ஹூக் சொன்ன சொல் தவறாமல் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு நட்சத்திரங்களைத் தேடும். அதைச் சமாளிக்க, பின் ஆக்ஸிலுக்கு மேலே போகே ஹைட்ரோமேட் என்றொரு தண்டை வைத்தார்கள். வண்டி குலுங்கக் குலுங்க அது தன்னைத்தானே பம்ப் அடித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கிவிடும். ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. வண்டிக்குள்ளே ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக் சீட். சேறானால் ஹோஸ் பைப்பை நீட்டிக் கழுவிவிடலாம்.

புது மாப்பிள்ளையை உடனே விஷப்பரீட்சைக்கும் அனுப்பினார்கள். 1971 டிசம்பரில் இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் அலாஸ்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களின் தென்கோடிக்குப் புறப்பட்டன. நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காடு. சாலையே இல்லாத இடம். இன்றுவரை போடவும் இல்லை. ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி தலைமையில் படையே திரண்டது. சதுப்பில் மிதக்கட்டும் என்று பிரம்மாண்டமான டயர்களை மாட்டினார்கள். டயர் தாங்கியது, காயில் தாங்கியது, நடுவில் மாட்டிக்கொண்ட டிஃபரன்ஷியல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. இங்கிலாந்திலிருந்து ஆளும் உதிரிபாகமும் விமானத்தில் வர வேண்டியதாயிற்று. இதற்கிடையே வழி கண்டுபிடிக்கவென்று பனாமாவில் ஒரு பழைய லேண்ட் ரோவரை செகண்ட் ஹேண்டில் வாங்கி முன்னால் அனுப்பினார்கள். கமான் பட்டை வைத்த கிழவர் முன்னே நடக்க, காயில் போட்ட ராஜகுமாரர்கள் பின்னே வந்தார்கள். ஏறக்குறைய நூறு நாளில் காட்டைத் தாண்டினார்கள் என்று வரலாறு சொல்லும். கூட வந்த குதிரைகளின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டுப் பதிவு செய்யவில்லை.

காயிலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1979-ல் முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் கார்களில் முதலில் வந்தது ரேஞ்ச் ரோவர்தான். 1983-ல் லேண்ட் ரோவரே பட்டையைக் கழற்றிவிட்டு 110 மாடலில் காயிலுக்கு மாறியது. சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் வண்டி நன்றாக ஓடினால் பொறியியலாளருக்குத் தூக்கம் வராது. காயிலுக்குப் பதிலாகக் காற்றடைத்த பையை வைத்தால் என்ன என்று கிளம்பினார்கள்.

காற்றை நம்பி மோசம் போன கதை அதற்கு முன்பே அமெரிக்காவில் நடந்து முடிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1957-ல் காடிலாக் எல்டொராடோ பிரோம், விலை 13,074 டாலர், நான்கு மூலையிலும் காற்றுப் பை. 1958-ல் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிராண்டுகளும் வரிசையில் நின்று அதையே விற்றன. பான்டியாக் வைத்த பெயர் 'எவர் லெவல்'. காலையில் எழுந்து பார்த்தால் நான்கு மூலையும் ஒருசேரத் தரையில் படுத்திருக்கும். லெவலாக இல்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. காற்றோடு ஈரம் போய் வால்வில் உறைந்தது, குழாய்கள் கசிந்தன. உரிமையாளர்கள் பலர் காசு கொடுத்து வாங்கிய காற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காசு கொடுத்துக் காயில் மாட்டிக்கொண்டார்கள். பிரான்ஸில் சித்ரோயன் 1955-லேயே டிஎஸ் காரில் எண்ணெயையும் நைட்ரஜனையும் சேர்த்து ஜெயித்திருந்தது. அது வேறு ஜாதி, இந்தப் பஞ்சாயத்தில் சேராது.

டெட்ராய்ட்டில் புதைத்ததை லேண்ட் ரோவரின் ஊரான சோலிஹல்லில் தோண்டி எடுத்தார்கள். 1992-ல் நீளம் கூட்டிய ரேஞ்ச் ரோவர் எல்எஸ்இ, எலெக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. 1994-ல் பி38 என்று ரசிகர்கள் அழைக்கும் இரண்டாம் தலைமுறை. பானெட்டுக்குள் ஒரு கம்ப்ரஸரும் வால்வு பிளாக்கும், சேஸிஸில் ஒரு டேங்க், நான்கு ரப்பர் பை, நான்கு உயர சென்ஸார், இவற்றை இணைக்கும் பிளாஸ்டிக் குழாய், எல்லாரையும் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் வண்டி எழுந்து நிற்கும். ஹை ஹீல்ஸ் போட்ட சீமாட்டி ஏற வேண்டுமா, இன்னொரு பட்டன். வண்டி பணிந்து தாழும். பிரிட்டிஷ் அரச குடும்பம் ஏறும் வண்டி அல்லவா, மரியாதை தெரிந்திருந்தது.

மரியாதை கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகும் அந்தக் கம்ப்யூட்டர் முழுதாகத் தூங்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, நான்கு மூலையும் சமமா என்று பார்க்கும். ஒரு மூலையில் பை கசிந்து அது இறங்கியிருந்தால், மற்ற மூன்றிலும் காற்றைத் திறந்துவிட்டு அவற்றையும் அதே மட்டத்துக்கு இறக்கிவிடும். கல்யாண வீட்டில் ஒரு சம்பந்தி கோபித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், சமாதானம் பண்ணப் போனவர்களும் ஒவ்வொருவராகப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவதைப் போலத்தான். காலையில் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால், நேற்று நின்ற வண்டி இன்று பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் மல்லாந்த ஆமையாகக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் கம்ப்ரஸர் முனகும். பழுது முற்றியிருந்தால் டாஷ்போர்டு, மணிக்கு 35 மைலைத் தாண்டாதே என்று கட்டளை போடும். காரணத்தைச் சரிசெய்தாலும் கம்ப்யூட்டரின் மனத்தாங்கல் தீராது. டீலர் தன் சோதனைக் கருவியை மாட்டி மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி காற்றுப் போகும். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பைக்கும் டயர் வால்வு வைத்துக்கொண்டார்கள். கோட்டும் சூட்டுமாக இறங்கி, வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டு, டயர் பம்பால் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கனவான்களைப் பெற்ற பெருமை இந்த ஒரு வண்டிக்குத்தான்.

பிரிட்டனில் உடனே ஒரு உப தொழில் முளைத்தது: ஏரைக் கழற்றிக் காயில் மாட்டும் கிட். அமெரிக்காவில் 1958-ல் நடந்த அதே சடங்கு, வேறு புரோகிதர்.

ஏரைத் திட்டுவது சுலபம் என்பதால் திட்டிக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் பக்கத்து நியாயம் வலுவானது. காயிலைப் பொறுத்தவரை நீங்கள் முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். காலி வண்டிக்கு மெத்தென்று வைத்தால், ஆளும் சாமானும் ஏறியதும் தொங்கிவிடும். முழுச் சுமைக்கு விறைப்பாக வைத்தால், தனியாகப் போகிற நாளெல்லாம் இடுப்பு கழலும். காற்றுக்கு இந்தச் சங்கடம் இல்லை. சுமை ஏறினால் கூடுதல் காற்று, கூடுதல் விறைப்பு, பழைய உயரம். காலியோ நிறைவோ, குலுக்கல் ஏறக்குறைய ஒன்றுதான். தேவைக்கு உயரலாம், வேகத்தில் தாழலாம். பாறையின் மேல் வயிறு மாட்டிக்கொண்ட நேரத்தில் ஒரு பட்டனில் ஏழெட்டு சென்டிமீட்டர் எழும் வண்டியைப் பார்த்தால், காயில் கட்சிக்காரன் வாயும் ஒரு நிமிஷம் மூடும்.

ஷோரூமில் சொல்லாத பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டி உயர்ந்தால் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. ஷாக் அப்சார்பரின் நீளம் கூடவில்லையே! முழு உயரத்தில் வைத்து ஒரு பள்ளத்தில் இறக்கினால், சக்கரம் எட்டிப் பார்க்குமே தவிர தரையைத் தொடாது. தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும்; உள்ளே டிராக்ஷன் கன்ட்ரோல் கிடந்து தவிக்கும்.

இதற்கு 2004-ன் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்றவை சொன்ன தீர்வுதான் இந்தச் சரித்திரத்தின் உச்சக்கட்ட நகைச்சுவை. அதற்குள் நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டிருந்தன. பழைய வண்டியில் இடமும் வலமும் ஒரே ஆக்ஸில். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரம் தானாகப் பள்ளத்துக்குள் அழுத்தும். புதியதில் அந்த உறவு அறுந்துபோயிற்று. என்ன செய்யலாம்? இடது பைக்கும் வலது பைக்கும் நடுவே ஒரு குழாய் விட்டு, காட்டுக்குள் போகும்போது வால்வைத் திறந்தார்கள். ஒரு பக்கம் அமுங்கினால் அந்தக் காற்று மறுபக்கத்துச் சக்கரத்தைக் கீழே தள்ளும். 1948-ல் ஓர் இரும்புத் தண்டு கேட்காமலே செய்துகொண்டிருந்த வேலையை, வால்வும் சென்ஸாரும் சாஃப்ட்வேரும் சேர்ந்து செய்துகாட்டின. நன்றாகவே செய்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜப்பான்காரர்கள் இந்த ரகளையை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 வரிசையின் பெரிய வண்டிகளுக்கு 1999-ல் முன்பக்கம் மட்டும் காயில் கொடுத்து, பின்பக்கம் கமான் பட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஐ.நா. சபை முதல் ஆஸ்திரேலியச் சுரங்கம் வரை அதைத்தான் நம்பிப் போகிறார்கள். யார் முதுகு வலித்தது என்று கேட்கலாம். வலித்தது, ஆனால் எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

ஸ்பென் கிங் கடைசி வரை கறாரான மனிதர். தான் பெற்ற ரேஞ்ச் ரோவரின் வம்சத்தை நகரத்துக்குள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட ஓட்டுவது சுத்த மடத்தனம் என்று 2004-ல் வெளிப்படையாகவே சொன்னார். கம்பெனியின் விளம்பரப் பிரிவு அன்று என்ன மாத்திரை போட்டுக்கொண்டதோ.

2008-ல் டாடா மோட்டார்ஸ் இந்தக் குடும்பக் கதையை மொத்தமாக ஃபோர்டிடமிருந்து வாங்கியது. 2020-ல் புதிய டிஃபெண்டர் வந்தபோது காயிலும் கிடைத்தது, ஏரும் கிடைத்தது. ஏர் வண்டி முழு உயரத்தில் 291 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் காட்டும். 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும். எண்களில் ஏர் ஜெயிக்கிறது, மறுக்க மாட்டேன். பட்டறை பக்கத்தில் இருக்கிற காட்டுக்கு ஏர், பட்டறையே இல்லாத காட்டுக்குக் காயில். என் தீர்ப்பு அதுதான்.

2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளையும் அங்கே தயாரிக்கப்போவதாக அப்போது அறிவித்தார்கள். புதியது வாங்குகிறவர்களுக்கு வாரண்டி இருக்கிறது, கவலை இல்லை. பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டியை செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முதல் நாள் சாயங்காலம் போய், நான்கு வீல் ஆர்ச்சிலும் டேப் வைத்து உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை விற்பவர் சாவியைத் தொடும் முன்னால் போய் மறுபடி அளந்து பாருங்கள். "நீங்க வர்றீங்கன்னு இப்பதான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன் சார்" என்று அவர் சிரித்தால், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.